பந்தத் தீ, வைக்கோல்போர்ப் புகை, தம்ளரில் சாறு: மூன்று ஷாட்டுக்கு எந்த மென்பொருள்?

மூணாம்_ஃப்ரேம் கேட்டது:

வணக்கம். ஒரு விளம்பரப் படத்துக்கு மூன்று ஷாட் செய்ய வேண்டியிருக்கிறது. எல்லாமே 1920×1080, விநாடிக்கு 24 ஃப்ரேம்.

ஒன்று, இருட்டில் ஒருவர் தீப்பந்தத்தை இடவலமாக வீசுவது, 6 விநாடி. இரண்டு, வயலில் வைக்கோல்போர் எரிந்து புகை எழும் வைடு ஷாட், 8 விநாடி. புகை 60 மீட்டர் உயரம் வரை தெரிய வேண்டும், ஷாட் தொடங்கும்போதே முழுதாக எழுந்து நிற்க வேண்டும். மூன்று, கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சைச் சாறு ஊற்றுவது. 250 மி.லி., 4 விநாடியில் நிறைய வேண்டும், கேமரா மிகப் பக்கத்தில்.

மெஷின்: ரைசன் 7 5700எக்ஸ், 64 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 1 டிபி எஸ்எஸ்டி. மாடலிங், லைட்டிங், ரெண்டர் எல்லாம் 3டி மென்பொருளான பிளெண்டரிலும் அதன் ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸிலும்தான்.

தீ, புகை, சாறு எப்படி நகரும் என்று கணக்கிட (சிமுலேஷன்) பிளெண்டரோடு வரும் மான்டாஃப்ளோவே போதுமா? எஃபெக்ட்ஸ் மென்பொருளான ஹூடினிக்குப் போகணுமா? தீ, புகைக்கான எம்பர்ஜென் வாங்கலாமா? ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) இருப்பதால் பிளெண்டரில் பேக், அதாவது சிமுலேஷனைக் கணக்கிட்டு டிஸ்கில் எழுதுவது, வேகமாக முடியுமா? சோதனையில் இரண்டு கோளாறு தெரிகிறது: பந்தத்தை வீசினால் தீ தொடர்ச்சியாக வராமல் உருண்டை உருண்டையாக விட்டுவிட்டு வருகிறது. தம்ளரில் சாறு ஊற்ற ஊற்ற மட்டம் ஏறாமல் இறங்குகிறது.

---

கட்டம்_256:

ஜிபியு கேள்விக்கு முதலில்: மான்டாஃப்ளோ கணக்குப் போடுவது முழுக்க சிபியுவில். உங்கள் 3060 ரெண்டருக்கு மட்டும்தான் உதவும். பேக்கில் அது சும்மா இருக்கும்.

மென்பொருளை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வாக்செல் (சிமுலேஷன் இடத்தைப் பிரிக்கும் சிறு கனசதுரம்) எத்தனை பிக்சலில் விழும் என்று கணக்குப் போடுங்கள். வைடு ஷாட்டில் ஃப்ரேமின் உயரத்துக்குள் 70 மீட்டர் அடங்குகிறது என்றால் மீட்டருக்கு 15 பிக்சல் சொச்சம். அங்கே 10 செ.மீ. வாக்செல் ஒன்றரை பிக்சல்தான். அதற்குக் கீழே போனால் கரண்ட் பில்தான் ஏறும், படத்தில் ஒன்றும் தெரியாது. பந்தத்தில் ஃப்ரேம் உயரம் 1.2 மீட்டர் என்று வைத்தால் 5 மி.மீ. வாக்செல் நாலரை பிக்சல். தீயின் விளிம்பு மென்மையானது, அது போதும். தம்ளரில் ஃப்ரேம் உயரம் 20 செ.மீ. என்றால் 1 மி.மீ. வாக்செலே ஐந்து பிக்சலுக்கு மேல். ஆக கடினமான ஷாட் புகை இல்லை, தம்ளர்.

இனி பந்தம். வீச்சு முழுவதும் டொமைனுக்குள் (கணக்கு நடக்கும் பெட்டிக்குள்) இருக்க வேண்டும், 2×1×1.5 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 5 மி.மீ.க்கு 400×200×300, அதாவது 2.4 கோடி வாக்செல். வாக்செல்தோறும் சேமிக்கும் ஓர் அளவுக்கு, அதாவது ஒரு ஃபீல்டுக்கு, 4 பைட் வீதம் 96 எம்பி. திசைவேகத்துக்கு மூன்று, அடர்த்தி, வெப்பம், எரிபொருள், அழுத்தம், நடுவில் எடுக்கும் நகல்கள் என்று பத்துப் பன்னிரண்டு ஃபீல்டு சேர்ந்தாலும் உங்கள் ரேமுக்கு இது பெரிதில்லை. பிளெண்டரில் ரெசல்யூஷன் டிவிஷன் என்பது டொமைனின் நீளமான பக்கத்துக்குரிய எண், அதனால் 400 என்று கொடுங்கள். அடாப்டிவ் டொமைனை இயக்கினால் தீ இல்லாத இடத்துக்குக் கணக்கு நடக்காது. கட்டத்தை நுணுக்கி விவரம் சேர்க்கும் நாய்ஸ் அப்ரெஸ் 2 மட்டும் இந்த ஷாட்டில் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் இரட்டிப்பானால் வாக்செல் எட்டு மடங்கு, 19 கோடியைத் தாண்டிவிடும்.

உருண்டை உருண்டையாக வருவதற்குக் காரணம் இது. கை வீச்சு விநாடிக்கு 3 மீட்டர் என்றால் ஒரு ஃப்ரேமில் பந்தம் 12.5 செ.மீ. நகர்கிறது. பந்தத்தின் தலை 8 செ.மீ.தான். ஃப்ரேமுக்கு ஒருமுறை மட்டும் எரிபொருள் ஊற்றினால் நடுவில் நாலரை செ.மீ. இடைவெளி விழத்தானே செய்யும்? எரிபொருளை விடும் ஃப்ளோ ஆப்ஜெக்டில் சாம்பிளிங் சப்ஸ்டெப்ஸை (ஒரு ஃப்ரேமுக்குள் நடுவில் எத்தனை முறை ஊற்றுவது) 4 ஆக்குங்கள். ஒவ்வொரு முறையும் நகரும் தூரம் தலையின் 8 செ.மீ.யைவிடக் குறைந்து, ஒன்றன்மேல் ஒன்று படியும்.

அதோடு டைம் ஸ்டெப்பும் பார்க்க வேண்டும். 12.5 செ.மீ. என்றால் ஃப்ரேமுக்கு 25 வாக்செல் தாண்டுகிறது. சிஎஃப்எல் எண் (ஒரு ஸ்டெப்பில் தாண்டலாகும் வாக்செல் அளவு) இயல்பாக 2, அதன்படி 13 ஸ்டெப் தேவை. ஆனால் அதிகபட்சம் 4 என்று பூட்டியிருக்கும், அதனால் சால்வர் (கணக்குப் போடும் பகுதி) 4-லேயே முடித்துவிடும், தீ கிழிந்த மாதிரி வரும். சிஎஃப்எல்லை 4, அதிகபட்ச ஸ்டெப்பை 8 என்று மாற்றுங்கள். இனிஷியல் வெலாசிட்டியில் சோர்ஸ் எண் 0.2-லிருந்து தொடங்கிப் பாருங்கள். 1 வைத்தால் தீ பந்தத்தை விட்டு முன்னால் பாய்கிறது. பின்னால் இழுபடும் வால்தான் இந்த ஷாட்டின் அழகே.

சுடர் நீளம் அதிகமாகத் தெரிந்தால் ரியாக்‌ஷன் ஸ்பீடை ஏற்றுங்கள். எரிபொருள் சீக்கிரம் தீரும், சுடர் குட்டையாகும். பலரும் எரிபொருளைக் குறைத்துப் பார்த்துக் குழம்புவது இந்த இடத்தில்தான்.

ரெண்டரில், வெப்பத்திலிருந்து நிறத்தைத் தானே கணக்கிடும் பிளாக்பாடியை நம்ப வேண்டாம். ஆட்ரிப்யூட் நோடில் ஃப்ளேம் ஃபீல்டை எடுத்து, கலர் ராம்ப் வழியாக எமிஷனுக்குக் கொடுத்தால் நிறம் உங்கள் கையில் இருக்கும். வால்யூம் எமிஷனை மட்டும் வைத்து ஆளின் முகத்துக்கு ஒளி கொடுத்தால் நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) அடங்காது. பந்தத்தின் தலையில் ஒரு பாயின்ட் லைட்டைக் கட்டி அதன் வலிமையைச் சிமிட்ட விடுங்கள்.

பேக் அடிக்கும் முன் இன்னும் இரண்டு. டொமைனின் ஸ்கேலை கண்ட்ரோல்-ஏ கொடுத்து அப்ளை செய்யுங்கள். கேஷ் (பேக் செய்த தரவு) வகையை ரீப்ளேயிலிருந்து மாடுலருக்கு மாற்றி, ஃபோல்டரை நீங்களே காட்டுங்கள். ஃபைலைச் சேமிக்காமல் பேக் அடித்தால் கேஷ் டெம்ப் ஃபோல்டருக்குப் போய்விடும், பிறகு தேடிப் பயனில்லை.

ஆக முதல் ஷாட்டுக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

---

கரும்புகை:

பந்தம் பற்றிச் சொன்னது சரி. வைக்கோல்போருக்கு மான்டாஃப்ளோவை ஓட்ட முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

60 மீட்டர் புகை நேராக மேலே போனால் பொம்மை மாதிரி இருக்கும், காற்று வேண்டும். விநாடிக்கு 2 மீட்டர் காற்று, 6 மீட்டர் எழுச்சி என்று வையுங்கள். உச்சியை எட்ட 10 விநாடி, அதற்குள் 20 மீட்டர் சாய்ந்துவிடும். அதனால் டொமைன் 50×30×60 மீட்டர் ஆகிறது. 10 செ.மீ.யில் 500×300×600, மொத்தம் 9 கோடி வாக்செல். இதில் பெரும்பகுதி வெறும் காற்று.

ஹூடினியில் தீ, புகைக்கான பகுதியான பைரோ 18-ஆம் பதிப்பிலிருந்து ஸ்பார்ஸ் முறையில் இயங்குகிறது. புகை இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றிய ஒரு பட்டையையும் மட்டும் கணக்கிடும். இந்த ஷாட்டில் அது ஒன்றரைக் கோடிக்குப் பக்கத்தில் நிற்கும் என்று மதிப்பிடலாம். பெட்டியின் சுவரில் புகை மோதி வெட்டுப்படும் கவலையும் போகிறது.

அடுத்தது ப்ரீரோல், ஷாட்டுக்கு முன்னாலேயே ஓட்டிவைக்கும் பகுதி. 10 விநாடி எழுச்சி என்றால் 240 ஃப்ரேம் முன்னாலேயே தொடங்க வேண்டும். ஷாட் 192 ஃப்ரேம், சிமுலேஷன் 432. ப்ரீரோலை டிஸ்கில் எழுத வேண்டாம். அடர்த்தியும் திசைவேகமும் 16 பிட்டில் எழுதினால் வாக்செலுக்கு 8 பைட். ஒன்றரைக் கோடிக்கு 120 எம்பி, 192 ஃப்ரேமுக்கு 23 ஜிபி. வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் 32 பிட்டில் கொட்டினால் உங்கள் 1 டிபி இரண்டு மூன்று பதிப்பிலேயே திணறும்.

நோடு வரிசை சின்னதுதான்: பைரோ சோர்ஸ், ஆட்ரிப்யூட் நாய்ஸ், வால்யூம் ராஸ்டரைஸ் ஆட்ரிப்யூட்ஸ், பைரோ சால்வர், ஃபைல் கேஷ். நடுவில் உள்ள அந்த நாய்ஸை (அளவில் சேர்க்கும் சீரற்ற ஏற்ற இறக்கம்) விட்டுவிடாதீர்கள். வெப்பநிலை எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருந்தால் புகை காளான் குடையாக எழும். நேரத்தோடு மாறும் நாய்ஸால் அதை உடைக்க வேண்டும். வைக்கோல் எரிவதும் அப்படித்தான், ஓரிடத்தில் பற்றும், ஓரிடத்தில் அவியும்.

ஒரு எச்சரிக்கை. 20 செ.மீ. வாக்செலில் ஓட்டி இயக்குநரிடம் ஓகே வாங்கி, பிறகு 10-க்கு மாற்றினால் அதே புகை வராது. கரடுமுரடான கட்டத்தில் சிறு சுழல்கள் கணக்கிலேயே கரைந்துவிடுகின்றன. கட்டம் நுணுகும்போது அவை உயிரோடு இருந்து ஓட்டத்தையே திருப்பும். 20-ல் வேகத்தையும் சாய்வையும் மட்டும் காட்டுங்கள், தோற்றத்துக்கு 10-லேயே 60 ஃப்ரேம் ஓட்டிக் காட்டுங்கள். பிளெண்டரின் நாய்ஸ் முறைக்கு இதில் ஒரு நன்மை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்: அடிப்படை ஓட்டத்தைத் தொடாமல் மேலே நுணுக்கம் சேர்க்கும்.

லைசென்ஸ்: இலவச அப்ரென்டிஸ் வணிக வேலைக்குக் கிடையாது, ரெண்டரும் 1280×720-க்குள் வாட்டர்மார்க்கோடுதான். இது விளம்பரம் என்பதால் இண்டி வேண்டும். ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குக் கீழே இருந்தால் எடுக்கலாம்.

---

ரெண்டர்பண்ணை:

ஒரு வைடு ஷாட்டுக்காக ஹூடினி கற்றுக்கொள் என்று சொல்வது நியாயமா? அடுத்த ஆறு மாதமும் புகை, வெடிப்பு, வெள்ளம் என்றே வேலை வரப்போகிறது என்றால் இன்றே தொடங்கட்டும். ஒரு விளம்பரத்துக்கு வேண்டாம்.

கேமரா நகராமல் நின்றால், அல்லது லேசாகப் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தால், நிஜப் புகையைப் படம்பிடித்த ஸ்டாக் கிளிப்பை (ஆயத்தமாகக் கிடைக்கும் வீடியோ) ஒரு தட்டைப் பரப்பில் ஒட்டி, ஷாட்டோடு சேர்த்து கம்போசிட் செய்துவிடலாம். 60 மீட்டர் புகை தொலைவில் தட்டையாகத்தான் தெரியும். கிளிப் எடுக்கும்போது ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பாருங்கள், அதுதான் காட்டிக்கொடுக்கும். கேமரா புகையைச் சுற்றி வந்தால்தான் சிமுலேஷன் கட்டாயம்.

எம்பர்ஜென்னை யாரும் தொடவில்லையே. அது ஜிபியுவில் நேரடியாக ஓடும். ஸ்லைடரை நகர்த்தினால் தீ அப்போதே மாறும், இயக்குநரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே முடிவெடுக்கலாம். கேம் வேலைக்கான ஃப்ளிப்புக் பட வரிசையாகவும் எடுக்கலாம், மற்ற மென்பொருளில் திறக்க விடிபி (வாக்செல் தரவு ஃபைல்) வரிசையாகவும் எடுக்கலாம். எல்லை ஜிபியு மெமரிதான்: உங்கள் 12 ஜிபிக்குள் கட்டம் முழுதும் அடங்க வேண்டும். பந்தம், அடுப்பு, சின்ன வெடிப்பு இவற்றுக்கு மிக நல்லது. 60 மீட்டர் புகைக்கு இந்தக் கார்டில் சரிவராது. தண்ணீருக்கு அது இல்லை, அதே ஜங்காஎஃப்எக்ஸ் லிக்விஜென் என்று தனியாகத் தருகிறது. பந்தம் மான்டாஃப்ளோவில் முடியும் என்றாலும், வாடிக்கையாளர் பத்துத் திருத்தம் சொல்பவர் என்றால் எம்பர்ஜென்னுக்குக் கொடுக்கும் பணம் பேக் நேரத்திலேயே திரும்பிவிடும்.

மற்றவை சுருக்கமாக. ஃப்யூம்எஃப்எக்ஸ், கேயாஸ் ஃபீனிக்ஸ் இரண்டும் 3டிஎஸ் மேக்ஸ், மாயா மாதிரி மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு. பைஃப்ராஸ்ட் மாயாவுக்குள் இருப்பது. ஆட்டோடெஸ்க் 2012-ல் நேயாடு மென்பொருளை வாங்கி அதிலிருந்து வளர்த்தது. நீங்கள் பிளெண்டரில் இருக்கும்வரை இவற்றுக்காக இன்னொரு பெரிய மென்பொருளையும் சேர்த்து வாங்குவதில் அர்த்தமில்லை.

---

நுரைதிவலை:

தம்ளருக்கு வருகிறேன். மட்டம் இறங்க மூன்று காரணம் இருக்கலாம். சாறு துகள்களாகக் கணக்கிடப்படுகிறது, அதன்மேல் போர்த்தும் பரப்புதான் மெஷ். அந்த மெஷை மறைத்துத் துகள்களை மட்டும் பாருங்கள். துகள் தம்ளருக்கு வெளியே கிடந்தால் கசிவு. உள்ளேயே இருந்து அடியில் நெருக்கி அடைந்திருந்தால் சால்வர் பருமனை இழக்கிறது. துகள் மட்டம் சரியாக இருந்து மெஷ் மட்டும் தாழ்ந்திருந்தால் மெஷ் செட்டிங்.

பெரும்பாலும் கசிவுதான். எண்ணிப் பாருங்கள்: 250 மி.லி. 4 விநாடியில் என்றால் விநாடிக்கு 62.5 மி.லி. ஊற்றும் வாய் 12 மி.மீ. விட்டம் என்றால் தொடக்க வேகம் விநாடிக்கு 55 செ.மீ. சாற்றை விடும் இன்ஃப்ளோவில் இந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், கண்ணளவில் கொடுத்தால் தம்ளர் ஒன்றரை விநாடியில் வழியும். 15 செ.மீ. விழுந்ததும் வேகம் 1.8 மீட்டர், தாரை 6.6 மி.மீ.க்கு மெலிந்திருக்கும். ஃப்ரேமுக்கு 7.5 செ.மீ., 1 மி.மீ. வாக்செலில் 75 கட்டத் தாண்டல்! மான்டாஃப்ளோ தன் இயல்பான 4 ஸ்டெப்பில் இதைச் செய்தால் துகள் 2 மி.மீ. கண்ணாடியை ஒரே தாவலில் தாண்டிப் போய்விடும்.

ஆகவே மோதலுக்கு அசல் தம்ளரைப் பயன்படுத்தாதீர்கள். உட்பரப்பு அதே வடிவம், சுவர் 8 மி.மீ. தடிமன் என்று ஒரு போலித் தம்ளர் செய்து ரெண்டரில் மறைத்துவிடுங்கள். முழுதும் மூடிய மெஷாக இருக்க வேண்டும், ஓட்டை இருந்தால் உள்ளே எது, வெளியே எது என்று சால்வருக்குத் தெரியாது.

மென்பொருள் என்று கேட்டால், இந்த ஷாட்டுக்கு ஃப்ளிப் ஃப்ளூயிட்ஸ் ஆட்-ஆன். பிளெண்டருக்குள்ளேயே ஓடும், விலை கொடுத்து வாங்க வேண்டும், திரவம் மட்டும்தான், புகையும் தீயும் அதில் கிடையாது. எனக்குப் பிடித்த காரணம் அதன் வேர்ல்டு ஸ்கேல். ரொம்பச் சின்ன மாடலில் பிளெண்டரின் வியூபோர்ட் தொல்லை தரும் என்று தம்ளரைப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டியிருப்பீர்கள். அப்படியே ஓட்டினால் சாறு விழும் நேரம் 3.16 மடங்கு, பத்தின் வர்க்கமூலம், நீளும். தம்ளர் தொட்டி மாதிரித் தெரிவது அதனால்தான். வேர்ல்டு ஸ்கேலில் உண்மை அளவைச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். அந்த வசதி இல்லாத இடத்தில் ஈர்ப்பை 98.1 ஆக்குங்கள், இன்ஃப்ளோ வேகத்தையும் பத்து மடங்கு கொடுங்கள்.

கட்டம்: 12×12×20 செ.மீ. டொமைன், 1 மி.மீ.க்கு ரெசல்யூஷன் 200. கட்டத்துக்கு 8 துகள் என்றால் நிறைந்த தம்ளரில் 20 லட்சம் துகள். இறுதிக்கு 0.5 மி.மீ., ரெசல்யூஷன் 400, 1.6 கோடி துகள். 64 ஜிபிக்குள் அடங்கும். சர்ஃபேஸ் டென்ஷனை (பரப்பு இழுவிசை) முதல் சோதனைகளில் அணைத்தே வையுங்கள். நுண்ணிய கட்டத்தில் அது சப்ஸ்டெப்பைத் தாறுமாறாக ஏற்றும்.

இயக்குநரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: இந்த ஷாட் ஸ்லோமோஷனாக இருக்கலாமா? பான விளம்பரங்களில் வழக்கம்தானே. ஐந்து மடங்கு மெதுவாக்கினால் 75 தாண்டல் 15 ஆகிறது, ஃப்ரேமுக்கு வேண்டிய சப்ஸ்டெப்பும் ஐந்தில் ஒன்று. 4 விநாடி ஷாட்டில் தம்ளர் ஐந்தில் ஒரு பங்குதான் நிறையும், அதற்கேற்ப எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்துகொள்ளலாம்.

ரெண்டரில் வரும் சிக்கல்: சாற்றின் மெஷுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி இருந்தால் விளிம்பில் வெள்ளிக் கோடு மின்னும். சாறு கண்ணாடிக்குள் 0.2 மி.மீ. புதைந்திருக்க வேண்டும். திரவ மெஷ் சுவரிலிருந்து சுமார் அரை வாக்செல் தள்ளியே நிற்கும், ஆகவே 1 மி.மீ. கட்டத்துக்குப் போலித் தம்ளரின் உள் ஆரத்தை 0.7 மி.மீ. கூட்டுங்கள். 0.5 மி.மீ.க்கு மாறும்போது 0.45. ஐஓஆர் (ஒளிவிலகல் எண்) கண்ணாடிக்கு 1.5, சாற்றுக்கு 1.33.

---

மூணாம்_ஃப்ரேம்:

சப்ஸ்டெப் மாற்றியதும் பந்தம் சரியாகிவிட்டது, நன்றி. கேமரா புகையைச் சுற்றி அரைவட்டம் வருகிறது, அதனால் ஸ்டாக் கிளிப் முடியாது. நண்பர் ஒருவரிடம் ஹூடினி இண்டி இருக்கிறது, அவரே சிமுலேட் செய்து விடிபி தருவார். சோதனைக்குத் தந்த 20 ஃப்ரேமை பிளெண்டரில் திறந்தால் புகை தரையில் படுத்துக்கிடக்கிறது, நிறம் தார் மாதிரிக் கறுப்பு. வைக்கோல் புகை வெளுப்பாக அல்லவா இருக்கும்?

---

கரும்புகை:

ஹூடினியில் ஒய் அச்சு மேல்நோக்கி, பிளெண்டரில் இசட். வால்யூம் ஆப்ஜெக்டை எக்ஸ் அச்சில் 90 டிகிரி சுழற்றுங்கள், எழுந்து நிற்கும். அவர் மீட்டர் கணக்கில் செய்திருந்தால் ஸ்கேல் 1-லேயே விடுங்கள்.

கறுப்புக்குக் காரணம் ஒளி புகைக்குள் சிதறாதது. சைக்கிள்ஸில் லைட் பாத்ஸில் வால்யூம் பவுன்ஸ் (புகைக்குள் ஒளி எத்தனை முறை சிதறலாம் என்ற எண்) இயல்பாக 0. அதை 4 ஆக்கிப் பாருங்கள், பிறகு 8. ஷேடரில் நிறத்தை 0.9-க்குப் பக்கத்தில் வையுங்கள். 0.5 நிறமே நாலைந்து சிதறலில் இருண்டுவிடும். ரெண்டர் நேரம் ஏறும், நாய்ஸை நீக்கும் டீநாய்ஸரில் அடர்த்தி விளிம்பு குழைகிறதா என்று 3 ஃப்ரேம் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

நண்பரிடம் திசைவேக ஃபீல்டையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அது இல்லாமல் வால்யூமுக்கு மோஷன் ப்ளர் வராது. 240-க்குப் பிந்தைய ஃப்ரேம்கள் மட்டும் கையில் இருப்பதால், வால்யூம் பண்புகளில் தொடக்க ஃப்ரேமையும் ஆஃப்செட்டையும் ஷாட்டின் முதல் ஃப்ரேமோடு பொருத்திக்கொள்ளுங்கள்.

---

கட்டம்_256:

ஒரு சின்னச் சேர்க்கை. வைக்கோல்போரில் தீ எரியும் அடிப்பகுதி 4 மீட்டர் அகலம்தான் இருக்கும், அதாவது 60 பிக்சல் சொச்சம். அந்தச் சுடரை ஹூடினியில் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டாம். பந்தத்துக்குச் செய்த மான்டாஃப்ளோ செட்டப்பையே 4×4×5 மீட்டர் டொமைனில், 4 செ.மீ. வாக்செலில், ரெசல்யூஷன் 125 வைத்து ஓட்டிப் புகையின் அடியில் வையுங்கள். ரியாக்‌ஷன் ஸ்பீடைப் பந்தத்தில் வைத்ததைவிடக் குறைத்தால் சுடர் நீண்டு, போரின் அளவுக்குப் பொருந்தும்.